அபிஷாவிடம் பேசியது யார்

நம் செவிப்பயிற்சி மையத்தில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் போன வாரம் வீட்டுக்கு வந்து, இத்தனை வருட வேலையிலிருந்து எங்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். ஆளுக்கேற்பக் கருவியின் கேட்கும் அளவை அமைக்கும் மேப்பிங் எப்படிச் செய்வது என்று எழுத மாட்டேன். அதைக் கருவிக் கம்பெனிக்காரர்கள் லேப்டாப்போடு வந்து என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் நன்றாகச் செய்த காரியங்களையும் எழுத மாட்டேன். அவற்றால் உங்களுக்குப் பிரயோசனம் கிடையாது. ஒரு பிள்ளையின் விஷயத்தில் நான் செய்த தப்பை எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை. அந்த ஊரின் காற்று இல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

அறுவை செய்து காதுக்குள் காக்ளியர் கருவி வைத்தவர்களுக்குக் கேட்கும் சத்தம் நமக்குக் கேட்கும் சத்தம் இல்லை என்பதை முதல் மாதமே தெரிந்துகொள்வீர்கள். தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு அக்கா இருந்தார். மூளைக்காய்ச்சலில் காது போய், பதினொரு வருடம் கழித்துக் கருவி வைத்தவர். கருவியை இயக்கி வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் காலையிலேயே திரும்பி வந்துவிட்டார். வீட்டுக்கு வெளியே யாரோ நிறுத்தாமல் பப்படம் பொரிக்கிறார்கள் என்றார். கடல்தான் அது. அவர் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கடல். நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் கடல் பக்கத்து அறையில் படுக்கவில்லை.

இப்படிப் பத்துப் பேரைப் பார்த்துவிட்டால் நமக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். அவர்களுக்கு ஏதோ கேட்கிறது என்றால் முதலில் கருவியைச் சந்தேகிப்போம். பிறகு பிள்ளையை. பிறகு தாயை. அந்தச் சத்தம் உண்மையிலேயே அங்கே இருக்கலாம் என்பது கடைசியில்தான் தோன்றும். நானும் இதே வரிசையில்தான் போனேன்.

2015 அது. அபிஷாவுக்கு நாலரை வயது. ஆரல்வாய்மொழிக்கு வெளியே, காற்றாலைகள் நிற்கும் பொட்டலை ஒட்டி வீடு. அப்பா செல்வன், அம்மா லதா, இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. ஒரே பள்ளியில் படித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். செல்வனுக்கு லேத் பட்டறையில் வேலை. லதா வீட்டிலிருந்தபடியே தோவாளைச் சந்தைக்குப் பூக்கட்டிக் கொடுப்பார். அவர்கள் தங்களுக்குள் கையால் பேசுவார்கள். என்னோடு பேசுவதற்கு லதா ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுவருவார். நான் எழுதுவேன், அவர் எழுதுவார்.

அரசுத் திட்டத்தில் பிள்ளைக்கு அறுவைக்கு விண்ணப்பித்தபோது தேர்வுக் குழுவில் முனகல் எழுந்தது. வீட்டில் பேச ஆளில்லாத பிள்ளைக்குக் கருவி வைத்து என்ன ஆகப்போகிறது என்றார்கள். செல்வனின் அக்கா காது கேட்பவர். நான் கூடவே தங்கிப் பிள்ளையிடம் பேசுகிறேன் என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நானும் அதற்கு உத்தரவாதம் சொன்னேன். அறுவை நடந்தது. நம் மையத்துக்கு வாரம் இரண்டு நாள் வரத் தொடங்கினார்கள். முதல் சில மாதம் அந்த அத்தையும் கூட வந்தார். பிறகு லதாவும் பிள்ளையும் மட்டும் வந்தார்கள். வீட்டு வேலை இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் வந்த கருவிகளில் ஒரு புது வசதி இருந்தது. இப்போது உங்களுக்கு அது சாதாரணம். பிள்ளை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கருவியைப் போட்டிருந்தது, அதில் அமைதி எவ்வளவு, பேச்சு எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு, காற்று எவ்வளவு என்று கருவியே பதிந்து வைக்கும். அபிஷாவின் பதிவைத் திறந்தபோது எதிர்பார்த்தபடியே காற்று நிறைய இருந்தது. அமைதியும் நிறைய. அவற்றுக்கு நடுவே, நாளொன்றுக்குச் சராசரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேச்சு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீடு முழுக்கப் பேசுகிறவர்கள் இருந்தும் அரை மணி நேரம்கூடத் தேறாத பிள்ளைகளைப் பார்த்துச் சலித்திருந்தேன். அத்தை பிரமாதமாகப் பேசுகிறார் என்று நோட்டில் எழுதி லதாவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நோட்டை மூடிவிட்டார். கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிள்ளையும் பேசத் தொடங்கியிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்த அம்மா, பூ, பால் இவையெல்லாம் பிறகுதான் வந்தன. தானாக அவள் முதலில் சொன்ன வார்த்தை "இருக்கியா". பொம்மையை மேஜைக்கடியில் வைத்துவிட்டு, மேஜையை விரலால் மூன்று முறை தட்டி, கொஞ்சம் காத்திருந்து, "இருக்கியா?" என்பாள். ஒரு தட்டலுக்குப் பின் ஒரு காத்திருப்பு, காத்திருப்புக்குப் பின் ஒரு கேள்வி. நாம் பெற்றோருக்கு மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் வராத ஒழுங்கு அது. பயிற்சிக்கு வந்த மாணவிகளைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. கருவி வைத்த பிள்ளைகள் பொதுவாக உரக்கப் பேசுவார்கள். இவள் தொண்டைக்கு அடியில், யாருக்கோ தெரியாமல் பேசுவது மாதிரிப் பேசினாள். கூடவே கதவுப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். சத்தம் அதிகமாக வைத்துவிட்டோம், பிள்ளை பயப்படுகிறது என்று முடிவு செய்து, கருவியின் அளவைக் குறைத்தேன். அடுத்த வாரம் அவள் பேச்சு இன்னும் தாழ்ந்தது. இன்னும் குறைத்தேன். லதா நோட்டில், பிள்ளை வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை, தலையைக் கதவோடு ஒட்டி வைத்துக்கொள்கிறது என்று எழுதினார். புது அளவுக்குப் பழகச் சில நாள் ஆகும் என்று பதில் எழுதினேன்.

ஆடி மாதம் ஒரு நாள், படம் பார்த்துச் சொல்லும் பயிற்சி. கதவுப் படத்தைக் காட்டினேன். அபிஷா படத்தைத் தொட்டு மூன்று முறை தட்டினாள். பிறகு அந்தத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அண்ணே, கதவத் தொற."

நான் வழக்கம்போல, "திற, கதவைத் திற" என்று வாயைக் காட்டித் திருத்தினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சொன்னாள். "அண்ணே, தொற. தண்ணி இல்ல."

அவளுக்கு அண்ணன் கிடையாது. ஒரே பிள்ளை.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பிள்ளையை எங்கோ பூட்டி வைக்கிறார்கள். நோட்டை வாங்கி, வெளியே போகும்போது பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்களா என்று எழுதினேன். லதா வேகவேகமாக எழுதினார். "பிள்ளை பூட்ட இல்லை. நான் பக்கத்தில் எப்போதும்." அத்தையை நாளைக்கே கூட்டி வாருங்கள், நான் பேச வேண்டும் என்று எழுதினேன். பேனா அவர் கையிலேயே நின்றது. பிறகு எழுதினார். "அக்கா குவைத் போனாள். மகள் பிரசவம். ஐந்து மாதம். சொன்னால் மிஷின் திருப்பி வாங்குவீர்கள் பயம்."

நான் கோபத்தில் என்ன எழுதினேன் என்பதை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது. குழுவை ஏமாற்றிவிட்டீர்கள், டிவியைப் போட்டுப் பிள்ளையை அதன் முன்னால் விட்டுவிட்டு எங்கோ போகிறீர்கள், இதை மேலே சொல்லத்தான் போகிறேன் என்ற பொருளில் ஒரு பக்கம். லதா அழுதார். எங்கள் வீட்டில் டிவியே இல்லை என்று எழுதினார். வந்து பாருங்கள் என்று கையைக் கூப்பிக் காட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி போடும்போதுதான் என் கோபத்துக்கு அடியில் கிடந்த கேள்வி மேலே வந்தது. அத்தை போய் ஐந்து மாதம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பேச்சு இல்லை. டிவி இல்லை. அந்தக் கருவியோ காற்றைக் காற்றென்றும் இரைச்சலை இரைச்சலென்றும் பிரித்துத்தான் பதிகிறது. அப்படியென்றால் தினமும் இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளையிடம் பேசுவது யார்? அடுப்பை அணைத்துவிட்டேன். அன்று காபி குடிக்கவில்லை.

மறுநாளே போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. காற்றாலைகள் வீட்டுக்கு மிகவும் நெருக்கத்தில் நின்றன. இறக்கை ஒவ்வொன்றும் கீழே வரும்போது பெரிய துணியை உதறுவதுபோல ஒரு சத்தம். மூன்று உதறல், திரும்ப மூன்று உதறல். வெயில் சாய்ந்த பக்கத்தில் அவற்றின் நிழல் வீட்டுச் சுவரில் ஏறி, கடந்து, இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரே பெரிய வீட்டை இரண்டாகப் பிரித்து, முன்பக்கத்தில் வீட்டுக்காரர் இருந்தார். பின்பக்கம் இவர்களுக்கு வாடகை. இரண்டுக்கும் நடுவே முன்பு இருந்த கதவைப் பலகை வைத்து ஆணி அடித்து, பச்சைப் பெயின்ட் பூசியிருந்தார்கள். பிரித்த வீடுகளில் எங்கும் பார்ப்பதுதான்.

அந்தப் பச்சைக் கதவின் முன்னால் அபிஷா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி, கையில் ஒரு மரக்கட்டை. சத்தம் கேட்டால் கட்டையை வாளிக்குள் போட வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுக்கும் விளையாட்டு உங்களுக்குத் தெரியும். அவள் கட்டையைக் கன்னத்தருகே பிடித்தபடி கதவின் அடி இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் இப்படித்தான், நீங்கள் சொன்ன பயிற்சியைத் தானே செய்கிறாள் என்று லதா பெருமையோடு எழுதிக் காட்டினார்.

லதாவைப் பற்றி நான் நினைத்திருந்தது எவ்வளவு தப்பு என்பதும் அங்கேதான் தெரிந்தது. அது பேச்சில்லாத வீடு இல்லை. பூக்கட்டும் கையை நிறுத்தி, பிள்ளையின் தோளைத் தொட்டுத் திருப்பி, கையால் ஒரு கதை சொல்வார். அவள் சிரித்துக் கையாலேயே பதில் சொல்வாள். பூட்டி வைக்கிற வீடு இப்படி இருக்காது.

நான் உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, வீட்டுக்காரர் வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, மரியாதையான பேச்சு. ஊமைப் பிள்ளைகளுக்கு யாரும் வீடு தரமாட்டார்கள் என்று இரக்கப்பட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். முன்பக்கத்தில் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கியது. நான் இருந்தவரை அது நிற்கவே இல்லை. அபிஷா கட்டையைக் கன்னத்திலிருந்து எடுக்கவும் இல்லை, போடவும் இல்லை.

அவர் பிள்ளையின் காதுப் பக்கம் இருந்த கருவியைக் காட்டிக் கேட்டார். "இந்த மிஷின் வச்சா எல்லாம் கேக்குமா டீச்சர்? செவருக்கு அந்தப் பக்கம் உள்ளதும் கேக்குமோ?"

நம் வேலையைப் பற்றி வெளியாட்கள் கேட்டால் நமக்கு வாய் நீண்டுவிடும். அடுத்த அறையில் மெல்லப் பேசினால்கூடப் பிடித்துவிடுவாள், கேட்டதைத் திருப்பிச் சொல்லவும் தொடங்கிவிட்டாள் என்றேன்.

"வெளிய உள்ளவங்ககிட்டயும் சொல்லுமோ?"

அதற்காகத்தானே இவ்வளவு பாடுபடுகிறோம் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்ததை வியப்பு என்று நினைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

பத்து நாள் லதா வரவில்லை. வந்தபோது அபிஷா வாயே திறக்கவில்லை. மேஜையைத் தட்டவில்லை. பொம்மையை எடுக்கவில்லை. பதிவைத் திறந்தேன். காற்று அப்படியே இருந்தது. அமைதி கூடியிருந்தது. பேச்சு சில நிமிடங்கள்தான், அதுவும் நம் மையத்தில் நான் பேசியதாக இருக்க வேண்டும்.

லதா நோட்டை நீட்டினார். "வீட்டுக்காரர் காலி செய் சொன்னார். மாதம் முடிவு. கதவு கீழே சிமென்ட் பூசினார். எலி வருது என்றார். பிள்ளை சிமென்ட் நகத்தால் சுரண்டுது."

அபிஷாவின் கையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு நகங்கள் உடைந்திருந்தன.

அப்போதுதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. அந்தப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். தண்ணீர் கேட்கிறார், கதவைத் திறக்கச் சொல்கிறார், யாரையோ அண்ணே என்று கூப்பிடுகிறார். உரக்கப் பேசினால் மோட்டாரைப் போடுவார்கள் என்பதால் தாழ்ந்த குரலில் பேசுகிறார். அந்தக் குரல் பிள்ளைக்குக் கேட்கிறது என்று நானே போய் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நான் சொன்ன பிறகு அந்தக் குரல் நின்றிருக்கிறது. இடுக்கை அடைத்ததால் நின்றதா, வேறு காரணத்தால் நின்றதா என்பது தெரியவில்லை. முதல் வேலையாக, நான் குறைத்த அளவுகளை எல்லாம் பழையபடி ஏற்றினேன்.

அன்றே போலீசுக்குப் போயிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். என்ன சொல்லிப் போவது? நாலரை வயதுப் பிள்ளை, அதுவும் காது கேளாத பிள்ளை, பேசப் பழகும்போது சொன்ன நாலு வார்த்தை. நாளைக்குக் காலையில் வீட்டுக்காரர் களியக்காவிளைக்குக் கல்யாணத்துக்குப் போகிறார் என்று லதா எழுதினார். நான் வருகிறேன் என்று எழுதினேன். மாவட்ட அலுவலகத்தில் எனக்குப் பழக்கமான ஒரு அதிகாரி அம்மாவுக்கு மட்டும் போன் செய்து, நாளைக் காலை நான் கூப்பிட்டால் உடனே எடுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் கருவியின் மைக்கைச் சோதிக்கும் இயர்போனையும் எடுத்துக்கொண்டு போனேன். அதைக் கருவியில் சொருகினால் பிள்ளையின் மைக்குக்கு என்ன வருகிறதோ அது நம் காதில் விழும். பத்து மணி. காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. அபிஷாவைப் பச்சைக் கதவின் அருகில் உட்காரவைத்து, அவள் தலையைப் பலகையோடு சேர்த்து, இயர்போனை என் காதில் மாட்டினேன்.

முதலில் இறக்கைகளின் உதறல் மட்டும் கேட்டது. இயர்போனில் அது யாரோ பெரிதாக மூச்சு விடுவதுபோல இருந்தது. நிழல் கதவின் மேல் ஏறி இறங்கியது. ஐந்து நிமிடம் இருக்கும். எனக்குள் ஒரு பக்கம் ஒன்றும் கேட்காமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு அபிஷா கையை உயர்த்திப் பலகையில் மூன்று முறை தட்டினாள்.

"இருக்கியா?"

காற்று. மூச்சு. பிறகு பலகையின் மிகக் கீழே, யாரோ படுத்தபடி தட்டுவதுபோல, மூன்று தட்டு.

"இருக்கேன் மக்கா. நீ இருக்கியா?"

ஒரு பெண்ணின் குரல். அதில் அழுகையோ அவசரமோ இல்லை, தினமும் சொல்லிப் பழகிய பேச்சு அது. அபிஷா கட்டையை வாளிக்குள் போட்டாள்.

நான் கேட்டதை நோட்டில் எழுதி லதாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு உள்ளங்கையைப் பலகையில் விரித்து வைத்தார். அந்தப் பெண் மறுபடி தட்டியபோது லதா கையைச் சுட்டதுபோல எடுத்தார். இந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் இரண்டு வருடமாக அவர் பூக்கட்டுகிறார். இந்தத் தட்டல் அவர் முதுகுக்குத் தெரிந்ததுதான். காற்றாடி சுற்றுவது வீட்டுக்குள் இப்படித் தெரிகிறது என்று நினைத்திருக்கிறார்.

அதிகாரிக்குப் போன் செய்தேன். மகளிர் காவலர்களோடு வருவதாகவும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்றும் சொன்னார். வெளியே போய் நிற்கப் பயமாக இருந்தது. நான் கண்ணை எடுத்தால் அந்தப் பக்கம் எல்லாம் மாறிவிடும் என்ற பயம். பலகையில் வாயை வைத்து, அம்மா, உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். என் குரல் அவளுக்குப் புதிது. பிறகு, "சரோஜம்" என்றாள். எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். தண்ணீர் இல்லை என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் வீட்டுக்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் பக்கத்தில் தரையில் வைத்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல்ல டீச்சர். நீங்களாக் கேட்டதாக்கும். அப்படியே எழுதணும்."

போலீஸ் வரும்வரை காத்திருப்பதுதான் முறை. ஆனால் தண்ணீர் இல்லை என்று சொன்னவளுக்கு முன்னால் இன்னும் முக்கால் மணி நேரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை. லதாவிடம் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக்கொண்டு, அந்த அம்மா முன்னால் நடக்க, முன்பக்கமாகச் சுற்றிப் போய்த் திறந்தேன்.

ஜன்னலுக்குத் தகரம் அடித்த அறை. தகரத்தில் ஒரு ஓட்டை வழியாக வந்த வெளிச்சம் எதிர்ச்சுவரில் மினுங்கி, இறக்கையின் நிழல் கடக்கும்போதெல்லாம் அணைந்து எரிந்துகொண்டிருந்தது. தட்டு, பிளாஸ்டிக் வாளி, பாய். எல்லாம் கழுவி வைத்திருந்தது. அடைத்த கதவின் இந்தப் பக்கத்தில், கீழே, ஒரு தலை அளவுக்குப் பச்சைப் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க, முடி ஒட்ட வெட்டிய ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். தண்ணீரை வாங்கினாள், குடிக்கவில்லை. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ள. அது உள்ளதா?"

எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டாள். என் பின்னாலேயே வந்திருந்த லதாவின் இடுப்பிலிருந்து அபிஷா இறங்கி வந்து, சுவரைத் தேடி, சுவர் எட்டாததால் சரோஜத்தின் முழங்காலில் மூன்று முறை தட்டினாள். சரோஜம் அவள் கையைப் பிடித்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். உடைந்த நகத்தில் வந்ததும் நிறுத்தினாள். அப்புறம்தான் தண்ணீர் குடித்தாள்.

பிறகு விசாரணையில் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவள் வீட்டுக்காரரின் தங்கை. இருபத்தைந்து வயதில் மனம் பிசகி, வைத்தியம் பார்த்து, தேறி, திரும்பப் பிசகியவள். அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது அவளைப் பம்பாயில் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக ஊரில் சொல்லி உள்ளே வைத்தார்கள். நாலு வருடம். கல்யாணம் முடிந்தும் திறக்கவில்லை. சொன்ன பொய்யை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியவில்லை என்று அவர் காவல் நிலையத்தில் சொன்னார். வேளாவேளைக்குச் சோறு போட்டிருக்கிறார். அதையும் சொன்னார். நான் போய் வாயாடிவிட்டு வந்த பிறகுதான் பேச்சு வராமலிருக்க மாத்திரையை இரட்டிப்பாக்கி, தண்ணீரைக் குறைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குக் கிளம்பிய அவசரத்தில் அன்று காலை மாத்திரை விட்டுப்போனதால்தான் அவளுக்குப் பேச்சு வந்திருக்கிறது.

பின்பக்கத்தில் முதலில் இருந்த குடும்பம் இரண்டு மாதத்தில் காலி செய்துகொண்டு போனது. இரண்டாவது குடும்பமும் அப்படியே. அதற்குப் பிறகுதான் அவர் லதாவையும் செல்வனையும் தேடிப் பிடித்திருக்கிறார். இரக்கத்தால் கொடுத்த வீடு இல்லை அது. இதைப் போலீசார் செல்வனுக்கு எழுதிக் காட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

என் வாக்குமூலத்தை வாங்கிய ஆய்வாளர் அம்மா, முதலில் கேட்டது யார் என்று கேட்டார். அபிஷா என்றேன். எப்போது வெளியே சொன்னாள் என்று கேட்டார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து மாதமாக என்னிடம்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். வாரம் இரண்டு நாள், நேருக்கு நேர் உட்கார்ந்து. நான் "தொற" என்பதை "திற" என்று திருத்தினேன், கேட்கும் அளவைக் குறைத்தேன், அவள் தாயைக் குற்றம் சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். வழக்குக்கு அது தேவையில்லை என்றார். எழுதச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே, பதிவில் பேச்சு அதிகமாக இருக்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். யார் பேச்சு என்று கேளுங்கள். பிள்ளை ஒரு வார்த்தை கொண்டுவந்தால் அதன் உச்சரிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு என்னென்ன கேட்கும் என்பதை யாரிடம் பெருமையடிக்கிறோம் என்றும் பாருங்கள்.

லதா குடும்பம் தோவாளைக்குப் பக்கத்தில் வேறு வீடு பார்த்துப் போனது. அங்கே அபிஷா மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. பதிவில் பேச்சு மிகவும் இறங்கிவிட்டது. நான் பேசிப் பார்த்தேன், மாணவிகள் பேசிப் பார்த்தார்கள், பிரயோசனப்படவில்லை. கடைசியில் சரோஜத்துக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவள் அப்போது ஒரு காப்பகத்தில் இருந்தாள். முடி வளர்ந்திருந்தது, மாத்திரையில் தேறியிருந்தாள். டாக்டர் யோசித்துவிட்டு, சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் என்று அனுமதி கொடுத்தார்.

முதல் சனிக்கிழமை நானும் போனேன். இருவரையும் வராந்தாவில் பெஞ்சில் எதிரெதிரே உட்காரவைத்தோம். பிறகு அபிஷா பேசினாள், மூன்று மாதத்துக்குப் பிறகு, அதே தாழ்ந்த குரலில். சரோஜம் பதில் சொல்லவில்லை. உனக்குக் கேட்கும் குரல்கள் எதுவும் உண்மையில்லை என்று இருபது வருடமாக டாக்டர்களும் அண்ணனும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அடைத்த கதவுக்கு அப்பாலிருந்து ஒரு பிள்ளை இருக்கியா என்று கேட்கத் தொடங்கியபோது, நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைத்திருக்கிறாள். அன்று அறையில் அது உள்ளதா என்று கேட்டது, அந்தப் பிள்ளை நிஜந்தானா என்று. வெளியே சொன்னால் மாத்திரையைக் கூட்டுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது பிள்ளை கண்ணெதிரே இருந்தாள். சரோஜம் பக்கத்தில் நின்ற நர்ஸின் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"ஒங்களுக்கும் கேக்குதா?"

கேட்கிறது என்று நர்ஸ் தலையசைத்தார். அதற்கப்புறம்தான் பிள்ளைக்குப் பதில் சொன்னாள். அன்று அபிஷா பேசிய ஒவ்வொன்றுக்கும் இப்படித்தான் நடந்தது. முதலில் நர்ஸிடம் ஒரு கேள்வி, தலையசைப்பு, பிறகு பதில். நான் ஓய்வு பெறும்வரை சனிக்கிழமைகளில் அங்கே போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியை அவள் விடவே இல்லை. நர்ஸும் ஒருமுறைகூடச் சலிக்காமல் தலையசைத்தார்.